பார்ட்டிகிள் போர்டு அலமாரி: அடி உப்பிவிட்டது, கண்ணாடிக் கதவு தொங்குகிறது. தேறுமா?

மடிப்பாக்கத்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் படுக்கையறையில் ஆன்லைனில் வாங்கிய மூன்று கதவு அலமாரி இருக்கிறது. தட்டையான அட்டைப்பெட்டிகளில் வந்தது, அவர்கள் ஆளே வந்து பூட்டிக் கொடுத்தார். உயரம் 180 செ.மீ., அகலம் 135, ஆழம் 50. பலகை 16 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு, மேலே வால்நட் நிற லேமினேட். இடது பக்கம் இரண்டு கதவுக்கும் சேர்த்து ஒரே அறை, வலது பக்கம் ஒற்றைக் கதவு அறை. நடுக்கதவில் கண்ணாடி ஒட்டியிருக்கிறது.

இப்போது இரண்டு தொந்தரவு. பக்கவாட்டுப் பலகைகள் தரையைத் தொடும் இடத்தில் ஒன்றரை, இரண்டு செ.மீ. உயரத்துக்கு உப்பி, லேமினேட் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. முன்னால் அடி இடைவெளியை மறைக்கும் ஸ்கர்ட்டிங் பட்டையும் அப்படியே. இது போதாதென்று துணி அடுக்கும் அடிப்பலகை, தரையிலிருந்து ஏழு செ.மீ. உயரத்தில் இருப்பது, பின்பக்க இடது மூலையில் மட்டும் பொங்கியிருக்கிறது. அந்த மூலையை விரலால் அழுத்தினால் தூள் தூளாக உதிர்கிறது. அங்கே வைத்த பட்டுப்புடவைப் பையில் ஒரே பூஞ்சை நாற்றம். எனக்கு அதுதான் பெரிய கோபம்.

இரண்டாவது, கண்ணாடிக் கதவின் மேல் கீல் நடுத்தடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஸ்க்ரூ இருந்த இடத்தில் இரண்டு பொக்கைகள். மற்ற இரண்டு கீல்களும் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை. கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன்.

விற்றவர்களிடம் கேட்டால் வாரண்டி முடிந்துவிட்டது, தனிப்பலகை தரும் வழக்கமே இல்லை என்கிறார்கள். தெரிந்த ஆசாரி ஒருவர் வந்து காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதைத் தூக்கிப் போடுங்கம்மா, பிளைவுட்டில் புதுசாச் செய்து தர்றேன்" என்றார். வாடகை வீடு, இப்போது அவ்வளவு செலவு செய்ய மனம் இல்லை. வீட்டில் டிரில் மெஷின் இருக்கிறது, எனக்கு ஓட்டவும் தெரியும். மிச்சப் பலகைகள் எல்லாம் கல் மாதிரி இருக்கின்றன. கெட்டதை மட்டும் மாற்ற வழி உண்டா?

பழைய பீரோ:

ஆசாரி சொன்னது சரிதான் மேடம். தண்ணீர் பட்ட பார்ட்டிகிள் போர்டும் ஊறிய ரஸ்க்கும் ஒன்று. இரும்பு பீரோ ஒன்று வாங்கிப் போடுங்கள். என் அம்மா கல்யாணத்துக்கு வந்த பீரோ இன்னும் நிற்கிறது. பூட்டு மட்டும்தான் மாற்றினோம்.

மூலைமட்டம்:

வணக்கம் சகோதரி. கோவையில் மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் வேலை செய்கிறேன். பீரோக்காரர் சொன்ன ரஸ்க் விஷயம் உப்பிய இடத்துக்குப் பொருந்தும். அதற்காக அலமாரி முழுக்கப் போய்விட்டது என்று ஆகாது. இதில் ஈரம் பட்ட இடம்தான் கெடும், ஒரு சாண் தள்ளி இருப்பது நன்றாகவே இருக்கும். மரத்தூளையும் சிராய்களையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் கலந்து சூட்டில் அழுத்திச் செய்வதுதான் இந்தப் பலகை. அழுத்தி வைத்த சிராய் தண்ணீரைக் குடித்தால் விரியும், பசையும் விட்டுப்போகும். காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அதனால் உப்பியதை கிளாம்ப் போட்டு இறுக்குவது, ஃபெவிகால் ஊற்றிக் காயவைப்பது எல்லாம் வேண்டாம். அறுத்து எடுங்கள், இல்லை மாற்றுங்கள்.

வேலை ஆரம்பிக்கும் முன்னால் ஒரு கேள்வி. பக்கப் பலகையின் அடி உப்பியதற்குக் காரணம் வீடு துடைக்கும் தண்ணீர். கண்ணுக்குத் தெரியும் ஓரங்களுக்கு மட்டும் எட்ஜ் பேண்ட், அதாவது ஓரத்தை மூடும் மெல்லிய பட்டை, ஒட்டுவார்கள், தரையைத் தொடும் ஓரத்தைப் பச்சையாக விட்டுவிடுவார்கள். அந்த வழியாக ஏறும். ஆனால் அடிப்பலகை ஏழு செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்கிறீர்கள். துடைக்கிற தண்ணீர் அங்கே போகாது. அதுவும் பின்னால் ஒரே ஒரு மூலையில் மட்டும் பொங்கியிருக்கிறது. அந்த மூலைக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? அலமாரியை நகர்த்தி, பின் அட்டையையும் சுவரையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கறுப்புப் புள்ளிகள், சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது, மண் கோடு, எது இருந்தாலும் எழுதுங்கள். மண் கோடு என்றால் கரையான். அது வேறு வைத்தியம்.

மடிப்பாக்கத்துக்காரி:

அண்ணா, நீங்கள் கேட்டதும்தான் நகர்த்தினோம். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. பின் அட்டையின் இடது மூலை முழுக்கக் கறுப்பு. சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் உரிந்து வெள்ளைப் பொடி உதிர்கிறது. மண் கோடு இல்லை. வீட்டு ஓனருக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

மூலைமட்டம்:

அப்படியானால் ஓதம்தான், சுவருக்குள் ஊறிய ஈரம். ஓனர் அனுப்பும் ஆள் இந்தப் பக்கம் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனால் ஏமாறாதீர்கள். குளியலறைப் பக்கம் டைல்ஸ் இணைப்புகளைச் சுரண்டி எடுத்து, புதிதாக கிரவுட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கலவை) போட வேண்டும். ஷவருக்குக் கீழேயும், தரையும் சுவரும் சேரும் மூலையிலும் முக்கியமாக. உள்ளே பைப் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது முடிந்து சுவர் நன்றாகக் காயும் வரை அலமாரியைப் பழைய இடத்தில் வைக்காதீர்கள். பிறகும் சுவருக்கும் அதற்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும்.

இப்போது அலமாரி. எதை மாற்றுவது, எதை விடுவது என்பதுதான் இதில் முக்கால்வாசி. உங்களுக்குப் புதிதாக வேண்டியது ஒரே ஒரு பலகை, துணி எடையைத் தாங்கும் அந்த அடிப்பலகை. அதை பார்ட்டிகிள் போர்டில் திரும்ப வாங்காதீர்கள். பிளைவுட் கடையில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. பிளை, அதாவது கொதிநீரையும் தாங்கும் பிளைவுட், கேளுங்கள். மரைன் பிளை என்றாலும் கொடுப்பார்கள். ஐ.எஸ். 303 முத்திரையில் எம்.ஆர். என்று போட்டதைத் தண்ணீர் தாங்கும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அது காற்று ஈரத்தைத் தாங்கும், நனைந்தால் தாங்காது. முழு ஷீட் 8க்கு 4 அடி, உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. வெட்டுத் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் கணக்குப்படி அடிப்பலகையின் நீளம் 1350இல் இருபக்கமும் 16 கழித்து 1318 மி.மீ. வர வேண்டும். என் கணக்கை நம்பாமல் பழைய பலகையையே கடைக்கு எடுத்துப் போங்கள். உப்பிய மூலையை விட்டுவிட்டு நல்ல ஓரத்தில் அளக்கச் சொல்லுங்கள். நான்கு ஓரத்துக்கும் எட்ஜ் பேண்ட் ஒட்டித் தரச் சொல்லுங்கள், கண்ணுக்குத் தெரியாத பின் ஓரம் உட்பட.

பலகை 16க்குப் பதில் 18 வந்தாலும் கவலை இல்லை. ஏனென்றால் பழைய மாதிரி மினிஃபிக்ஸ் போட்டு இணைக்கப் போவதில்லை. மினிஃபிக்ஸ் என்றால் அந்த வட்டமான ஈயநிறப் பூட்டு, ஸ்க்ரூ டிரைவரால் அரைச் சுற்றுச் சுற்றினால் போல்ட்டின் தலையைக் கவ்விக்கொள்ளும். 15 மி.மீ. குழி, ஓரத்திலிருந்து குறித்த தூரம், குறித்த ஆழம் என்று மெஷினில் போட்டது. கை டிரில்லில் அரை மி.மீ. தவறினாலும் கவ்வாது. அதற்குப் பதில் பக்கப் பலகையின் உள்பக்கம் ஒன்றேகால் இஞ்ச் அகலத்தில் ஓர் இஞ்ச் தடிமனான ரீப்பர் (மரச்சட்டம்) துண்டுகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவற்றின் கால் தரையில் (அடுத்துச் சொல்லும் கிரானைட் பட்டையின் மேல்) ஊன்ற வேண்டும், தலைமேல் அடிப்பலகை உட்கார வேண்டும். நடுத்தடுப்புக்கு நேர் கீழேயும் இரண்டு. இப்படிச் செய்தால் துணியின் எடை எந்த ஸ்க்ரூவிலும் தொங்காது, நேரே தரைக்கு இறங்கிவிடும். ரீப்பர் நகராமல் இருக்க மட்டும் ஸ்க்ரூ. ரீப்பர் 25 மி.மீ., பக்கப் பலகை 16. ஆகவே 35 மி.மீ. ஸ்க்ரூவுக்கு மேல் போகாதீர்கள், வெளியே மூக்கு நீட்டிவிடும்.

பக்கப் பலகையின் உப்பிய அடியை அறுத்துவிடுங்கள். இரண்டு செ.மீ. என்றால் இரண்டு செ.மீ. கிரானைட் கடையில் வீணாகிக் கிடக்கும் துண்டுகள் அநேகமாக 18, 20 மி.மீ. தடிமனில்தான் இருக்கும். அதில் பட்டை பட்டையாகக் கேட்டு வாங்கி, பலகைக்கும் ரீப்பருக்கும் சேர்த்து அடியில் வைத்தால் போன உயரம் திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகு வீடு துடைக்கும் தண்ணீர் மரத்தைத் தொடவே தொடாது. ஸ்கர்ட்டிங் பட்டை இனி வேண்டாம். அது இருந்தால் உள்ளே காற்றும் போகாது.

அறுக்கும்போது லேமினேட் சில்லுச் சில்லாகப் பெயரும். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் மேலேயே கோடு போட்டு, ஸ்கேல் வைத்து கட்டரால் நாலைந்து முறை ஆழமாகக் கீறிவிட்டு, பிறகு பொடிப் பல் ரம்பத்தால் கீறலுக்குக் கழிவுப் பக்கமாக அறுங்கள். மாடியிலோ பால்கனியிலோ வைத்து, மூக்கில் மாஸ்க் போட்டுக்கொண்டு. அந்தத் தூள் நல்லதில்லை. அறுத்த வாய்க்கு எனாமல் பெயிண்ட் இரண்டு கோட் கொடுங்கள். முதல் கோட்டை அப்படியே குடித்துவிடும், இரண்டாவதுதான் நிற்கும்.

பின் அட்டையைச் சும்மா மூடி என்று நினைக்காதீர்கள். அலமாரி பக்கவாட்டில் சாயாமல் நிற்பதே அந்த 3 மி.மீ. அட்டையால்தான். கறுத்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டு ஓட்டையாக விட்டால் கதவுகள் ஒன்றுக்கொன்று மட்டமாக நிற்காது. முழு அட்டையையும் எடுத்துவிட்டு 4 அல்லது 6 மி.மீ. பிளை அடியுங்கள். அட்டை நுழையும் காடியை 3 மி.மீ.க்குத்தான் போட்டிருப்பார்கள், இது நுழையாது. பின்னாலிருந்து மேலே வைத்து, சாணுக்கு ஒன்றாகச் சின்ன ஸ்க்ரூ. அடிக்கும் முன்னால் மூலைக்கு மூலை குறுக்காக டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வரும் வரை அலமாரியைத் தள்ளிச் சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் முதல் ஸ்க்ரூ.

கீல் விஷயம் இரவு எழுதுகிறேன், சைட்டில் ஆள் கூப்பிடுகிறார்.

ஒட்டு மன்னன்:

கீலுக்கு நான் சொல்கிறேன். பிய்ந்த ஓட்டையில் எம்-சீல் அல்லது அரால்டைட் நிரப்பி, காய்ந்ததும் அதே இடத்தில் துளை போட்டு அதே ஸ்க்ரூவை ஏற்றுங்கள். இரும்பு மாதிரி நிற்கும். தீக்குச்சி, பல்குத்தும் குச்சி வைத்து ஃபெவிகால் ஊற்றுவதும் உண்டு, ஆனால் கண்ணாடிக் கதவுக்கு அது போதாது.

ஜூரோங் வாசகி:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் அலமாரிக்கு இது உதவாது, ஆனால் இந்தத் திரியைத் தேடி வருபவர்களுக்குப் பயன்படலாம். ஐக்கியா சாமானாக இருந்தால், பூட்டும் முறை காட்டும் தாளில் ஒவ்வொரு ஸ்க்ரூ படத்துக்குப் பக்கத்திலும் ஆறு அல்லது எட்டு இலக்க எண் ஒன்று இருக்கும். அந்த எண்ணை அவர்கள் தளத்தில் கொடுத்தால் ஸ்க்ரூ, பூட்டு, முளை மாதிரியான சின்ன உதிரிகளை இலவசமாகவே அனுப்புகிறார்கள். தாள் தொலைந்திருந்தாலும் தளத்தில் அந்தப் பொருளின் பக்கத்திலேயே கிடைக்கும். பெரிய பலகைகளுக்கு இது பொருந்தாது. எந்தக் கம்பெனியானாலும் அந்தத் தாளைத் தூக்கி எறியாமல், டேப் போட்டு அலமாரியின் முதுகில் ஒட்டி வையுங்கள் அக்கா.

மூலைமட்டம்:

ஒட்டு மன்னன் சாருக்கு: அரால்டைட் நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது பிடித்துக்கொண்டிருப்பது எதை? சுற்றிலும் ஏற்கெனவே தளர்ந்துபோன சிராயை. அடுத்த தடவை பிய்யும்போது நெல்லிக்காய் அளவு கட்டியோடு சேர்ந்து வரும், அதற்கப்புறம் கீல் வைக்க இடமே இருக்காது. இந்தப் பலகையில் ஒரு முறை பிய்ந்த ஓட்டை அதே ஸ்க்ரூவை மறுபடி தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சகோதரி, முதலில் கதவு ஏன் பிய்ந்தது என்று பார்ப்போம். கதவு சுமார் 45க்கு 170 செ.மீ. இருக்கும். 16 மி.மீ. பார்ட்டிகிள் போர்டில் அது எட்டு கிலோவைத் தாண்டும். கண்ணாடி 4 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 10 கிலோ. 30க்கு 120 செ.மீ. அளவில் ஒட்டியிருந்தால் இன்னொரு மூன்றரை கிலோ. ஆக கிட்டத்தட்ட 12 கிலோ. கீல் செய்பவர்கள் கொடுக்கும் கணக்கில் 160 செ.மீ. உயரத்துக்கு மேல், 200க்குள் உள்ள கதவுக்கு நான்கு கீல். உங்களுக்கு மூன்றுதான் போட்டிருக்கிறார்கள். இழுவை எல்லாம் மேல் கீலுக்குத்தான் வரும், அதனால் அதுதான் முதலில் போனது.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், அது நடுத்தடுப்பில் பிய்ந்தது. தடுப்பின் மறுபக்கம் வலது அறையின் உள்பக்கம், வெளியே தெரியாது. அதனால் பசையே வேண்டாம். கீலின் அடித்தகடு உட்காரும் இரண்டு ஓட்டைகளையும் 4 மி.மீ. டிரில் பிட்டால் ஊடுருவத் துளையுங்கள். மறுபக்கம் ஒரு மரத்துண்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், லேமினேட் பிய்யாமல் இருக்கும். அப்புறம் 4 மி.மீ. நட்டு போல்ட், 25 மி.மீ. நீளம், தலை கூம்பு வடிவில் தகட்டில் அமிழ்வது மாதிரி. மறுபக்கம் அகலமான வாஷர் வைத்து நட்டு. வாஷர்தான் இங்கே முக்கியம், எடையை அகலமான இடத்துக்குப் பரப்பிவிடும். மற்ற இரண்டு கீல்களுக்கும் பிய்யும் வரை காத்திருக்காமல் இப்போதே இதைச் செய்துவிடுங்கள்.

நான்காவது கீல் வாங்கும்போது பழையதை ஒன்று கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். கதவுக் குழியில் அமிழும் கிண்ணம் பெரும்பாலும் 35 மி.மீ.தான், ஆனால் கிண்ணத்தின் இரு ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு நடுவே தூரம் 45, 48, 52 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதோடு கிராங்க், அதாவது கீல் கையின் வளைவு, பாருங்கள். இந்த நடுத்தடுப்பை இரண்டு கதவுகள் பங்கிட்டுக்கொள்கின்றன, ஆகவே அந்தக் கதவுக்கு 8 கிராங்க் கீல் இருக்கும். கடைக்காரர் பழக்கத்தில் 0 கிராங்க் எடுத்துக் கொடுப்பார். அதைப் போட்டால் கதவு அதிகமாகத் தள்ளிவந்து பக்கத்துக் கதவோடு இடிக்கும். 35 மி.மீ. குழி போட அதற்கென்று இருக்கும் வட்ட பிட் வேண்டும். கதவு 16 மி.மீ., குழி 12 மி.மீ. பிட்டில் 12 மி.மீ. உயரத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், டேப் பலகையைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். முக்கியமாக, கதவின் மறுபக்கம் கண்ணாடி ஒட்டியிருக்கும் இடமாக இல்லாமல் பார்த்துத் துளையுங்கள்.

வெளிப்பக்கப் பலகையில் கீல் பிய்ந்தவர்கள் ஊடுருவத் துளைக்க முடியாது, வெளியே தெரியும். அவர்கள் ஓட்டையை 10 மி.மீ. அகலத்துக்குச் சுத்தமாகப் பெருக்கி, 12 மி.மீ. ஆழத்தோடு நிறுத்தி, அதில் 10 மி.மீ. மர முளையை ஃபெவிகால் தடவி அடித்து இறக்க வேண்டும். ஒரு இரவு காய்ந்ததும் துருத்தும் பகுதியை உளியால் மட்டமாக்கி, நடுவில் புதிதாகச் சின்னத் துளை. இல்லையென்றால் கீலுக்கென்று அகலமான ரிப்பேர் பிளேட் ஆன்லைனில் விற்கிறார்கள், அதைப் போடலாம். பிய்ந்த இடத்தைத் தாண்டி நல்ல பலகையில் ஸ்க்ரூ பிடிக்கும்.

மடிப்பாக்கத்துக்காரி:

அண்ணா, மிக்க நன்றி. அடிப்பலகை, கிரானைட், பின் பிளை எல்லாம் முடிந்தது. தம்பி வந்து உதவினான். குளியலறை கிரவுட்டும் போட்டாகிவிட்டது. அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளியே வைத்திருக்கிறேன். கண்ணாடிக் கதவை நட்டு போல்ட்டில் மாட்டிவிட்டோம், அசையவே இல்லை. இப்போது ஒரே குறை: அந்தக் கதவின் மேல்முனை இடது கதவோடு உரசுகிறது, கீழே மட்டும் இடைவெளி சரியாக இருக்கிறது. நான்காவது கீலைக் கழற்றிப் பார்க்கவா?

மூலைமட்டம்:

கழற்ற வேண்டாம். கீலின் கைப்பகுதியில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். கதவுக்குப் பக்கத்தில் இருப்பது கதவை இடம் வலமாக நகர்த்தும். உள்ளே தள்ளி இருப்பதைத் தளர்த்தினால் கதவை முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்கலாம். மேலும் கீழும் நகர்த்த, அடித்தகட்டில் நீளவாக்கில் இருக்கும் ஓட்டைகள். உங்களுக்கு மேல் கீலின் முன் ஸ்க்ரூ மட்டும் போதும். கால் சுற்றுச் சுற்றிவிட்டுக் கதவை மூடிப் பாருங்கள். தடுப்பை நோக்கி நகர்ந்தால் அதே திசையில் இன்னும் கொஞ்சம், எதிராகப் போனால் திருப்பிச் சுற்றுங்கள். அதற்கு அடுத்த கீலையும் அதில் பாதி அளவு நகர்த்துங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். மெஷின் வேண்டாம், கையால் சுற்றும் ஸ்க்ரூ டிரைவர். அப்புறம் துணி எல்லாம் அடுக்கிய பிறகு ஒரு முறை நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள், புதிதில் சற்றுத் தளரும்.

பழைய பீரோ:

மேடம், பட்டுப்புடவை தப்பித்ததா?

மடிப்பாக்கத்துக்காரி:

நிழலில் உலர்த்தி, டிரை கிளீனிங் கொடுத்திருக்கிறேன். வந்ததும் அதை மேல் தட்டில்தான் வைப்பேன்.